அமானிதம் காத்த பெண்மணி: பெட்டி ஷாபாஸும் ஓயாத ஒரு வழக்கும்

2024ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள், நியூயோர்க் மாநகரின் மன்ஹாட்டன் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒரு வழக்குத் தாக்கலாயிற்று. ஐம்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னர் பலர் பார்த்திருக்கச் சுட்டுக் கொல்லப்பட்ட தந்தைக்காகப் பெண்மக்கள் தொடுத்த வழக்கு அது. அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை, மத்திய உளவு நிறுவனம், நியூயோர்க் பொலீஸ் திணைக்களம் ஆகியன கொலைச் சதியை அறிந்திருந்தும் தடுக்கவில்லை, பின்னர் உண்மையையும் மறைத்தன என்பது அவர்களது குற்றச்சாட்டு. கோரிய இழப்பீடு பத்துக் கோடி டொலர். உலகப் பத்திரிகைகள் பெரும்பாலும் இத்தொகையையே தலைப்பாக்கின. தந்தை ஹாஜி மாலிக் அல் ஷாபாஸ்; உலகம் அவரை மல்கம் எக்ஸ் என்றே அழைக்கிறது.

தொகையைப் பற்றிப் பேசுவோர் பேசட்டும். இத்தனை ஆண்டுகள் கழித்து அக்கோரிக்கை எவ்வாறு அப்பெண்மக்களின் கைக்கு வந்து சேர்ந்தது என்பதே நம் சிந்தனைக்குரியது. தந்தை மறைந்தபோது மூத்தவளுக்கு வயது ஆறு. கடைக்குட்டிகளான இரட்டையர் பிறக்கவேயில்லை. அவர்களிடம் தந்தையின் ஈமானையும், பெயரையும், தீராத வழக்கையும் ஒப்படைத்துச் சென்றவர் ஒரு விதவைத் தாய். அவரைப் பற்றி நம்மவர் அறிந்தது மிகக் குறைவு.

இளைய தலைமுறையினருக்காக மல்கமின் வரலாற்றைச் சுருங்கக் கூறுதல் அவசியம். 1925 மே 19இல் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரில் பிறந்தவர். இளமையில் குற்றவாழ்வில் விழுந்து சிறை சென்றார். சிறையிலேயே எலிஜா முஹம்மதின் 'நேஷன் ஒஃப் இஸ்லாம்' இயக்கத்தில் இணைந்து, 1952இல் விடுதலையானபின் அவ்வியக்கத்தின் மிகப் பெரிய பேச்சாளரானார். பெயரில் இஸ்லாம் இருந்ததேயன்றி அவ்வியக்கத்தின் அடிப்படைக் கொள்கைகள் இஸ்லாத்திற்கு முரணானவை. அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்குப் பின்னர் ஒரு தூதர் உண்டென்றும், வெள்ளையர் பிறவியிலேயே ஷைத்தான்கள் என்றும் அது போதித்தது. கறுப்பின மக்கள் மீது வெள்ளை அமெரிக்கா இழைத்த கொடுமை அத்தகைய போதனைக்குச் செவிகளைத் திறந்துவிட்டது என்பதையும் மறுத்தற்கில்லை. 1964 மார்ச்சில் மல்கம் அவ்வியக்கத்தை விட்டு வெளியேறினார். ஏப்ரலில் புனித ஹஜ்ஜுக்குச் சென்றார். எல்லா நிறத்தவரும் ஒரே தட்டில் உண்டு, ஒரே விரிப்பில் உறங்கி, ஒரே இறைவனை வணங்கும் காட்சி அவர் உள்ளத்தைப் புரட்டிப் போட்டது. மக்காவிலிருந்து நண்பர்களுக்கு அவர் எழுதிய கடிதம் அம்மாற்றத்திற்குச் சான்று. நாடு திரும்பியவர் நேரிய இஸ்லாத்தைக் கடைப்பிடிக்கலானார். அநீதிக்கெதிரான அவரது குரல் இம்மியும் தணியவில்லை; மனிதரை நிறத்தால் நிறுக்கும் தராசை மட்டும் அவர் வீசியெறிந்தார்.

அவ்வாழ்வு ஏறத்தாழப் பத்து மாதங்களே நீடித்தது. 1965 பெப்ரவரி 21, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மன்ஹாட்டனின் ஓடுபொன் மண்டபத்தில் உரையாற்ற எழுந்தபோது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது முப்பத்தொன்பது. மனைவியும் நான்கு பெண்மக்களும் முன்வரிசையில் இருந்தனர். குண்டுகள் பாய்ந்த வேளையில் பிள்ளைகளைக் கீழே தள்ளித் தம் உடலால் மூடிக்கொண்டார் அந்தத் தாய். தாதியாகப் பயிற்சி பெற்றவர் அவர். வெடியோசை ஓய்ந்ததும் கணவரிடம் ஓடினார். செய்வதற்கொன்றும் எஞ்சியிருக்கவில்லை. கருவில் இரட்டைக் குழந்தைகள்.

அதற்கு ஒரு வாரம் முன்னர், பெப்ரவரி 14 அதிகாலையில், குயீன்ஸ் பகுதியிலிருந்த அவர்களது இல்லத்தின் மீது தீக்குண்டு வீசப்பட்டது. அவ்வில்லம் தனக்குரியதென 'நேஷன்' இயக்கம் வழக்காடிக் குடும்பத்தை வெளியேற்றும் ஆணையையும் பெற்றிருந்தது. ஆக, பெட்டி ஷாபாஸ் விதவையானபோது அவருக்குச் சொந்த வீடில்லை, வருவாய் இல்லை, கணவர் சேர்த்துவைத்த பொருளும் இல்லை. அவருக்கு அப்போது வயது முப்பது.

இனி நாம் எடுத்துக்கொண்ட கேள்விக்கு வருவோம். மல்கம் விட்டுச் சென்ற மரபு எது? 'நேஷன்' இயக்கத்தின் சீற்றமிகு பேச்சாளராகப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒருபுறம்; ஹாஜி மாலிக்காகப் பத்து மாதங்கள் மறுபுறம். பெரும்பாலான அமெரிக்கர் கண்டறிந்தது முன்னதை. துப்பாக்கி ஏந்திச் சாளரத்தின் வழியே நோக்கும் படமும், காரசாரமான நான்கு வாசகங்களும் சுவரொட்டிகளுக்குப் போதுமானவை. தொழுகை விரிப்பில் நின்ற மனிதரைச் சுவரொட்டியில் அடக்குதல் எளிதன்று. எந்தக் கணவரின் நினைவைக் காப்பது என்ற கேள்வி அந்த விதவையின் முன்னே வந்து நின்றது. அதற்கு அவர் மேடையேறி விடை சொல்லவில்லை. அடுத்தடுத்து ஆற்றிய காரியங்களால் விடை சொன்னார்.

முதலாவது ஜனாஸா. அச்சுறுத்தல்களுக்கு அஞ்சிப் பல இடங்கள் மறுத்துவிட்ட நிலையில், ஹார்லமிலுள்ள ஒரு தேவாலயம் இறுதி நிகழ்ச்சிக்கு இடமளித்தது. இடம் தேவாலயமாயினும் உடல் இஸ்லாமிய முறைப்படி குளிப்பாட்டப்பட்டுக் கபனிடப்பட்டது. சூடானைச் சேர்ந்த மார்க்க அறிஞர் ஷெய்க் அஹ்மத் ஹஸ்ஸூன் அக்கடமையை நிறைவேற்றினார். ஹார்ட்ஸ்டேல் என்னுமிடத்திலுள்ள ஃபெர்ன்கிளிஃப் அடக்கத்தலத்தில் பதித்த பலகையில் இடம்பெற்றது ஹஜ்ஜுக்குப் பின்னர் அவர் தாங்கிய பெயர். ஊரறிந்த பெயரால் உலகம் அவரை அழைத்தது. மண்ணுக்கு மேல் நின்றது அவரே உவந்தேற்ற பெயர்.

இரண்டாவது, ஹஜ். கணவர் மறைந்து ஐந்து வாரங்கூட நிறைவுறாத மார்ச் மாத இறுதியில் பெட்டி மக்கா நோக்கிப் புறப்பட்டார். கணவர் ஓராண்டு முன்னர் நடந்த பாதையில், அவர் கண்டதைத் தாமும் காணச் சென்றார். 'பஹிய்யா' எனும் பெயருடன் திரும்பினார்.

இவ்விடத்தில் மார்க்கச் சட்டம் அறிந்த வாசகர் புருவத்தை நெரிப்பர். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருத்தல் வேண்டும்; கருவுற்றவளாயின் மகப்பேறு வரை. அக்காலத்தில் பயணம் செல்லலாமா? உமர் (ரலி) அவர்கள் இத்தாவிலிருந்த பெண்களை ஹஜ்ஜின் வழியிலிருந்தே திருப்பி அனுப்பினார்கள் என்பது முவத்தாவில் உள்ள செய்தி. பெரும்பாலான இமாம்களின் தீர்ப்பும் அதுவே. எனினும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், கணவர் தல்ஹா (ரலி) கொல்லப்பட்டபின் இத்தாவிலிருந்த தம் சகோதரி உம்மு குல்தூமை மக்காவுக்கு அழைத்துச் சென்றார்கள் என்ற செய்தியும் உண்டு. அதனை ஆதாரமாகக் கொண்டோரும் உளர். பெட்டி இவ்விவாதத்தை அறிந்திருந்தாரா என ஆராய்வது நம் வேலையன்று. வீடெரிந்து, கொலையாளிகளின் நிழல் பின்தொடர, வாசலில் பொலீஸாரும் நிருபர்களும் குழுமியிருந்த ஒரு பெண்ணுக்கு இத்தா இருக்க 'வீடு' என்றொன்று எங்கே இருந்தது என்பதையும் தீர்ப்புக் கூறுவோர் எண்ணிப் பார்த்தல் நலம்.

செப்டெம்பர் 30ஆம் நாள் இரட்டையர் பிறந்தனர். மலிக்கா, மலாக் என்று பெயர். தந்தையின் பெயரை இருவரும் சுமந்தனர்.

ஆறு பெண்மக்களோடு அந்தக் குடும்பம் எவ்வாறு பிழைத்தது? நடிகை ரூபி டீ முதலான பெண்கள் கூடி நிதி திரட்டினர். நியூயோர்க்குக்கு அண்மையிலுள்ள மவுண்ட் வேர்னன் நகரில் குடும்பத்துக்கு ஒரு வீடு வாய்த்தது. அலெக்ஸ் ஹேலி எழுத்துருக் கொடுத்த மல்கமின் சுயசரிதை அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்தது. அதன் உரிமைத்தொகையில் ஒரு பகுதி குடும்பத்துக்கு உதவிற்று. விதவைக்காகப் பாடுபடுபவரை அல்லாஹ்வின் பாதையில் போராடுபவருக்கு ஒப்பாக நம் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். அன்று அப்பணியில் முன்னின்றோரிற் பெரும்பாலார் முஸ்லிமல்லாதார் என்பதை ஒளிக்காமல் எழுதுவதே நேர்மை.

பெட்டி மறுமணம் புரியவில்லை. இதைப் பெருஞ் சிறப்பாகப் போற்றி எழுதுவோர் உளர். இதில் நாம் சற்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும். விதவை மறுமணம் செய்யாதிருத்தலை இஸ்லாம் தனிப் புண்ணியமாக ஒருபோதும் கூறவில்லை. மூத்தா போரில் ஜஃபர் (ரலி) ஷஹீதானபின் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்களையும், அவர்களுக்குப் பின் அலீ (ரலி) அவர்களையும் மணந்தார்கள். ஜஃபரின் நினைவுக்கு அதனால் இழுக்கு நேர்ந்ததாக எவரும் கருதவில்லை. நம் ஊர்களில் இளம் விதவைகளை மூலையில் அமர்த்திவிட்டு அதைக் கற்பின் பெருமையாகப் பேசும் பழக்கம் மார்க்கத்திலிருந்து வந்ததன்று. பெட்டி மணம் புரியாதது அவரது சொந்தத் தேர்வு. அவரைப் போற்றுவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன.

அவற்றுள் தலையாயது கல்வி. திருமணத்துக்குப் பின்னர் வெளியே பணி செய்ய பெட்டி விரும்பியபோது மல்கம் இசையவில்லை; அவ்விஷயத்தில் இருவருக்கும் கசப்பு இருந்ததை அவரே பிற்காலத்தில் சொல்லியுள்ளார். ஆனால் 1964இல் ஆபிரிக்க, அரபு நாடுகளைச் சுற்றிவந்தபின் மல்கமின் கருத்து மாறத் தொடங்கியது. ஒரு நாட்டின் முன்னேற்றம் அங்குள்ள பெண்களின் நிலையோடும் கல்வியோடும் பிணைந்தது என வெளிப்படையாகப் பேசலானார். அம்மாற்றம் தம் இல்லத்தில் கனிவதைக் காண அவருக்கு ஆயுள் இருக்கவில்லை.

1969இன் இறுதியில் பெட்டி ஜேர்சி நகர அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். அறுவரையும் வளர்த்துக்கொண்டே முதற் பட்டமும் முதுநிலைப் பட்டமும் பெற்றார். பின்னர் 1972இல் அம்ஹேர்ஸ்டிலுள்ள மசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவு செய்தார். அம்ஹேர்ஸ்ட் வீட்டிலிருந்து பல மணி நேரப் பயணம். பிள்ளைகளை விட்டும் சென்று, மீண்டும் வந்து, 1975இல் கல்வியியற் கலாநிதியானார். 1976இல் புரூக்ளினிலுள்ள மெட்கர் எவர்ஸ் கல்லூரியில் சுகாதார விஞ்ஞானப் பேராசிரியையாகச் சேர்ந்து, பின்னர் நிர்வாகப் பொறுப்பேற்று, இறுதிவரை அங்கேயே பணியாற்றினார்.

அக்கல்லூரியின் பெயரும் ஒரு விதவையை நினைவூட்டும். மெட்கர் எவர்ஸ், 1963 ஜூனில் மிசிசிப்பியில் தம் வீட்டு வாசலிலேயே சுடப்பட்டு மாண்ட கறுப்பினத் தலைவர். அவரது மனைவி மேர்லி, கொலையாளியைத் தண்டிக்கக் கோரி முப்பது ஆண்டுகள் ஓயாமல் போராடி, 1994இல் வென்றார். அவரும், மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டாவும், பெட்டியும் நெருங்கிய தோழியர். முதலிருவரும் கிறிஸ்தவர், பெட்டி முஸ்லிம். உயிரோடிருந்த காலத்தில் மல்கமும் கிங்கும் ஒருமுறையே நேரில் சந்தித்தனர்; விதவைகளின் நட்போ ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது.

மேர்லிக்குக் கிடைத்தது பெட்டிக்குக் கிடைக்கவில்லை. மல்கம் கொலை வழக்கின் சிக்கல் வேறுவகைப்பட்டது. மண்டபத்தில் கையும் மெய்யுமாகப் பிடிபட்டவன் ஒருவன். அவனோடு 'நேஷன்' இயக்கத்தைச் சேர்ந்த இன்னும் இருவர் கைதாகி, 1966இல் மூவருக்கும் ஆயுட்சிறை விதிக்கப்பட்டது. தான் குற்றவாளியே, மற்ற இருவரும் நிரபராதிகள் என்று பிடிபட்டவன் அவ்விசாரணையிலேயே கூறினான். நீதிமன்றம் செவிசாய்க்கவில்லை. முஹம்மத் அஸீஸ், கலீல் இஸ்லாம் எனப் பின்னர் பெயர் கொண்ட அவ்விருவரும் இருபதாண்டுகள் வரை சிறையில் கழித்தனர். கலீல் 2009இல் காலமானார். இறுதியில் 2021 நவம்பர் 18இல் நியூயோர்க் நீதிமன்றம் தீர்ப்பை இரத்துச் செய்தது. அவர்களை விடுவிக்கப் போதுமான ஆதாரங்களைப் புலனாய்வுத் துறையும் பொலீஸும் அந்நாளிலேயே மறைத்துவிட்டன என அரச வழக்கறிஞரே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரினார். அடுத்த ஆண்டில் நகரமும் மாநிலமுமாக 3 கோடி 60 இலட்சம் டொலர் இழப்பீடு வழங்க இணங்கின. அதைப் பெற கலீல் உயிரோடில்லை.

கொலையுண்டவரின் உரிமையாளருக்கு நீதி கோரும் அதிகாரத்தை அருள்மறை அளிக்கிறது; எல்லை மீறலாகாது என்ற நிபந்தனையையும் அதே வசனத்தில் விதிக்கிறது. ஒரு கூட்டத்தாரின் மீதுள்ள வெறுப்பு நீதி தவறுவதற்குக் காரணமாகிவிடக் கூடாதென்பதும் அதன் கட்டளை. மல்கமின் வழக்கில் இவ்விரண்டும் ஒருங்கே மீறப்பட்டன. மெய்யாகவே கொன்றோர் சிலர் தண்டனையின்றித் திரிந்தனர். கொல்லாத இருவரின் இளமை சிறையில் கழிந்தது. தந்தையை இழந்த பிள்ளைகளுக்கும், கணவரையும் தந்தையையும் சிறைக்குப் பறிகொடுத்த இரு குடும்பத்தாருக்கும் அநீதி ஒரே ஊற்றிலிருந்து பாய்ந்தது. 2024 வழக்கு இந்த உண்மையின் மீதே எழுகிறது. அதனாலேயே அதனைக் காசாசை என இகழ்வோரோடு நாம் உடன்பட இயலவில்லை. அரசு தன் பேழையில் பூட்டிவைத்த ஏடுகளைத் திறக்கச் செய்ய, தனி மனிதருக்கு நீதிமன்றத்தைத் தவிர வேறு திறவுகோல் ஏது?

பெட்டியின் வாழ்நாளில் இத்தெளிவு வந்து சேரவில்லை. 'நேஷன்' தலைவர் லூயிஸ் ஃபராகானுக்குக் கொலையில் பங்குண்டு என அவர் நம்பினார். 1994இல் தொலைக்காட்சிப் பேட்டியொன்றில் அதை வெளிப்படையாகச் சொன்னார். மறுவருட ஜனவரியில் அவரது மகளொருத்தி ஃபராகானைக் கொல்ல ஆள் ஏவினாள் என்ற குற்றச்சாட்டில் கைதானாள். வலை விரித்தவனோ அரசாங்கத்தின் உளவுக்காரன். அதே மே மாதத்தில் ஹார்லமின் அப்பல்லோ அரங்கில், மகளின் வழக்குச் செலவுக்காக நடந்த கூட்டத்தில், பெட்டியும் ஃபராகானும் ஒரே மேடையில் தோன்றினர். ஒக்டோபரில் வொஷிங்டனில் ஃபராகான் கூட்டிய கறுப்பின ஆண்களின் பேரணியிலும் பெட்டி உரையாற்றினார். மனத்தால் மன்னித்தாரா, மகளுக்காகப் பொறுத்தாரா என்பதை அல்லாஹ்வே அறிவான். வெளியே தெரிந்த செயல், முப்பதாண்டுப் பகையின் முன்னே ஒரு தாய் கைநீட்டியது என்பதே.

இன்னொரு போராட்டம் சந்தையோடு. 1992இல் ஸ்பைக் லீயின் திரைப்படம் வெளிவந்தபோது 'எக்ஸ்' எழுத்துப் பொறித்த தொப்பிகளும் சட்டைகளும் நாடெங்கும் குவிந்தன. அணிந்தோரில் எத்தனை பேர் அவரது நூலின் ஒரு பக்கத்தையேனும் படித்தனரோ! பெட்டி அப்படத்திற்கு ஆலோசகராக இருந்தார். அதில் ஹஜ்ஜுப் பகுதி இடம்பெற்றது மட்டுமன்றி, மக்காவிலேயே காட்சிகளைப் படம்பிடிக்க முஸ்லிம் குழுவொன்றுக்கு அனுமதியும் கிடைத்தது. சுவரொட்டியின் மனிதரைக் காண வந்த இளைஞர், இஹ்ராம் உடையிலிருந்த மனிதரையும் கண்டு சென்றனர்.

1997 ஜூன் முதல் நாள், யோங்கர்ஸ் நகரிலிருந்த அவரது இல்லத்தில் பன்னிரண்டு வயதுப் பேரன் மூட்டிய தீயில் பெட்டி கடுமையாக எரிந்தார். மூன்று வாரங்கள் வைத்தியசாலையில் போராடி 23ஆம் நாள் இறையடி சேர்ந்தார். 'இன்னா லில்லாஹி' என்பதன்றி இதற்குச் சொல்லேதும் நம்மிடமில்லை. மன்ஹாட்டனிலுள்ள இஸ்லாமியக் கலாசார நிலையத்தில் ஜனாஸாத் தொழுகை நடைபெற்றது. ஃபெர்ன்கிளிஃபில் கணவரின் அருகே அவர் நல்லடக்கம் செய்யப்பட்டார்.

ஒன்றை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். எலிஜா முஹம்மத் 1975இல் மறைந்தபின், அவரது மகன் வாரிஸ் தீன் முஹம்மத் இயக்கத்தின் பெரும் பகுதியினரை நேரிய இஸ்லாத்தின்பால் திருப்பினார். மல்கம் ஒருகாலத்தில் பேச்சாளராயிருந்த ஹார்லம் பள்ளி, அவரை வெறுத்து ஒதுக்கிய அதே பள்ளி, 1976இல் அவரது பெயரையே தாங்கியது. 116ஆம் வீதியில் 'மஸ்ஜித் மல்கம் ஷாபாஸ்' என்ற பெயரில் அங்கு ஜும்ஆ நடைபெறுகிறது. ஹாஜி மாலிக்கின் பத்து மாதங்கள் அவரது பன்னிரண்டு ஆண்டுகளை வென்றுவிட்டன என்று கூறினால் மிகையாகாது.

அவரது நாட்குறிப்புகளும் கடிதங்களும் 2002இல் ஏலத்துக்குப் போகவிருந்தன. குடும்பத்தார் அவற்றை மீட்டு ஹார்லமிலுள்ள ஷோம்பேர்க் ஆய்வு நிலையத்தில் வைத்தனர். ஓடுபொன் மண்டபம் இடிபட இருந்ததும் அப்படியே தடுக்கப்பட்டு, ஒரு பகுதி எஞ்சிற்று. அங்கே 2005இல் நினைவு நிலையம் திறக்கப்பட்டபோது கணவர் பெயருடன் கலாநிதி பெட்டி ஷாபாஸின் பெயரும் பொறிக்கப்பட்டது.

வழக்குத் தொடுக்கும் எண்ணத்தை மகள் இல்யாஸா 2023 பெப்ரவரி 21இல் அந்நிலையத்திலேயே உலகுக்கு அறிவித்தார். ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னர் அதே நாளில், அதே கட்டடத்தில், தாயின் உடலுக்கடியில் மறைந்திருந்த குழந்தைகளில் ஒருவர் அவர். அப்போது வயது இரண்டு.